குதிரைக்குட்டிக்கு ஸ்வெட்டர் போடலாமா?

ஆனி, ஆடி மாதங்களில் ஊட்டிக்குப் போய் வருகிறவர்கள் வர்க்கியும் சாக்லேட்டும் வாங்கி வருவார்கள். கூடவே ஒரு கேள்வியையும் கொண்டுவருகிறார்கள். "ஏரிப் பக்கம் ஒரு குதிரைக்குட்டியைப் பார்த்தோம். சாரலில் நனைஞ்சுக்கிட்டே அம்மாவோடு ஒட்டிக்கிட்டு நின்னுது. ஸ்வெட்டர், மங்கி குல்லா எல்லாம் போட்டும் எங்களுக்கே வெடவெடன்னு இருந்தது. பாவம், அதுக்கு ஒரு கம்பளியைப் போர்த்திவிடக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். பிரிட்டன், அயர்லாந்து போன்ற மழையும் குளிரும் சேர்ந்து வாட்டும் நாடுகளில், குதிரை வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் இதே கேள்விக்காகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அக்டோபர் பிறந்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "குட்டி நடுங்குது, போர்வை போடு" என்பது ஒரு கட்சி. "கடவுள் கொடுத்த ரோமம் இருக்கு, அதைக் கெடுக்காதே" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் அன்பானவர்கள்தான். ஆனால், அன்பு மட்டும் போதாத விஷயம் இது. தப்பாகப் போர்த்தினாலும் குட்டிக்கு ஆபத்து. போர்த்த வேண்டிய நேரத்தில் போர்த்தாமல் விட்டாலும் ஆபத்து.

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமாக, வயிறு நிறைய, மழைக்கு ஒதுங்க ஓர் இடத்தோடு இருக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் போர்வை தேவைப்படாது. பிறந்து சில நாள்களே ஆன குட்டி, நோயில் விழுந்த குட்டி, விலா எலும்பு தெரிய மெலிந்த குட்டி, ஒதுங்க இடமே இல்லாமல் நனைந்து நடுங்கும் குட்டி ஆகியவற்றுக்கு அது தேவை. ஏன் இப்படி என்பதை இனிப் பார்க்கலாம்.

பிறக்கும்போதே போட்டுவந்த ஸ்வெட்டர்

குளிரில் நமக்குப் புல்லரிக்கிறதே, அது ஏன் தெரியுமா? ஒவ்வொரு முடியின் வேரிலும் ஒரு குட்டித் தசை இருக்கிறது. குளிர்ந்தால் அது இழுத்துப் பிடித்து முடியை நிமிர்த்தும். நம் உடம்பில் நிமிர்வதற்கு முடி அதிகம் இல்லாததால் பிரயோஜனம் இல்லை. குதிரைக்கு அப்படியில்லை. அதன் ரோமம் அத்தனையும் நிமிர்ந்து நின்றால், தோலுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் ஒரு காற்றுப் படலம் சிக்கிக்கொள்ளும். உடம்புச் சூட்டில் அந்தக் காற்று வெதுவெதுப்பாகி, பஞ்சு மெத்தை மாதிரி காக்கும். வெயில் அடித்தால் ரோமம் படுத்துக்கொள்ளும். ஸ்வெட்டரைப் போடுவதும் கழற்றுவதும் அதன் இஷ்டம்!

இந்த ரோமம் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. குளிர்காலத்துக்கு முன் அடர்த்தியாக வளரும், வசந்தத்தில் கொத்துக் கொத்தாக உதிரும். எப்போது வளர வேண்டும் என்று குதிரைக்கு முக்கியமாகச் சொல்வது சூரியன்தான். ஜூன் 21-க்குப் பிறகு பகல் பொழுது குறையத் தொடங்குகிறது. கண் வழியாக இந்தச் சேதி மூளைக்குப் போய், மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரம் மாற, உடம்பு குளிர்கால ரோமத்துக்குத் தயாராகிறது. குளிர் தாக்குவதற்குச் சில மாதங்கள் முன்பே நெய்யத் தொடங்கும் ஸ்வெட்டர் இது.

இங்கிலாந்தின் தென்மேற்கில் எக்ஸ்மூர் என்றொரு மேட்டு நிலம் இருக்கிறது. மழை, காற்று, பனி எதற்கும் குறைவில்லாத இடம். அங்கே எக்ஸ்மூர் மட்டக்குதிரைகள் திறந்தவெளியில் வாழ்கின்றன. குட்டிகள் அங்கேயே பிறந்து, அங்கேயே முதல் குளிர்காலத்தைக் கடக்கின்றன. அவற்றுக்கு இரண்டு அடுக்கு ரோமம். உள்ளே பஞ்சு போன்ற மென்மையான அடுக்கு. வெளியே எண்ணெய்ப் பிசுக்குள்ள நீளமான முடி. மேலே விழும் மழை, ஓட்டுக் கூரையில் வழிவதுபோல வெளிமுடியில் வழிந்துவிடும், தோல் வரை இறங்காது. முதுகில் பனி உருகாமல் அப்படியே படிந்து கிடப்பதும் உண்டு. பார்க்கிற நமக்குப் பகீரென்று இருக்கும். ஆனால், உள்ளிருக்கும் சூடு வெளியே கசியவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

வயிற்றுக்குள் ஓர் அடுப்பு

ஸ்வெட்டர் சூட்டைப் பிடித்துத்தான் வைக்கும். சூட்டை உண்டாக்க அடுப்பு வேண்டுமே! குதிரைக்கு அது பெருங்குடலில் இருக்கிறது. புல்லும் வைக்கோலும் அங்கே போய்ச் சேர்ந்ததும், கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்க வைக்கின்றன. இட்லி மாவு புளிக்கும்போது பாத்திரம் லேசாகச் சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். அதேபோலக் குதிரையின் வயிற்றுக்குள்ளும் மணிக்கணக்காகச் சூடு எழுந்துகொண்டே இருக்கும்.

ஆகவே, குளிர் நாளில் குதிரைக்கு முதலில் கொடுக்க வேண்டியது காய்ந்த புல். "கொள்ளு சூடு, ரெண்டு படி கூடப் போடு" என்று நினைப்பவர்கள் உண்டு. கொள்ளிலும் தானியத்திலும் சத்து இருக்கிறது, வளரும் குட்டிக்கு அளவோடு வேண்டும். ஆனால், தானியத்தின் மாவுச்சத்து பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடுவதால், நார்த்தீவனம் போல நீண்ட நேரம் சூடு தராது. ஒரேயடியாகத் தானியத்தைக் கூட்டினால் வயிற்றுவலி வரும். குதிரைக்கு வயிற்றுவலி என்பது கஷாயத்தில் தீர்கிற சமாசாரம் அல்ல, உயிரையே வாங்கிவிடும்.

இன்னொன்று, தண்ணீர். குளிரில் குதிரைகள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். காய்ந்த தீவனமும் தண்ணீர்க் குறைச்சலும் சேர்ந்தால் குடல் அடைத்துக்கொள்ளும். ஜில்லென்ற தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்து வைத்தால் நன்றாகக் குடிக்கும்.

எத்தனை டிகிரியில் குளிரும்?

ஒவ்வொரு உயிருக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. வெப்பநிலை அதற்கும் கீழே போனால், உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே கூடுதலாக எரிபொருளைச் செலவிட வேண்டும். குதிரை விஷயத்தில் இந்த எல்லை ஆச்சரியமானது.

மிதமான குளிருக்குப் பழகிய வளர்ந்த குதிரைக்கு இது சுமார் 5 டிகிரி செல்சியஸ். கனடாவின் கடுங்குளிரில் பழகி, முழுக் குளிர்கால ரோமத்தோடு இருக்கும் குதிரைக்கு மைனஸ் 15 டிகிரி வரை இறங்குகிறது. அதே கனடாவில் குளிருக்குப் பழகிய, ஒரு வயதை ஒட்டிய குட்டிகளை வைத்து ஆராய்ந்தார்கள். வேண்டிய மட்டும் தின்னக் கிடைத்த குட்டிகளுக்கு எல்லை மைனஸ் 11 டிகிரி. தீவனத்தை அளந்து போட்ட குட்டிகளுக்குப் பூஜ்யம் டிகிரி. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் 11 டிகிரி வித்தியாசத்தைக் கொடுத்தது எந்தப் போர்வையும் இல்லை. தீவனம்!

ஆனால், அப்போதுதான் பிறந்த குட்டியின் கதையே வேறு. அதன் எல்லை 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாம் மின்விசிறியை நிறுத்திவிட்டு "இதமா இருக்கு" என்று சொல்லும் வெப்பநிலையே அதற்குக் குளிர். உடம்பு சின்னது, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அந்த வழியாகச் சூடு வேகமாகப் போய்விடும். கொழுப்புச் சேமிப்பும் கிடையாது, பெருங்குடல் அடுப்பும் இன்னும் மூட்டப்படவில்லை.

மழையும் காற்றும் சேர்ந்தால்

இதுவரை சொன்ன எண்களெல்லாம் காய்ந்த உடம்புக்கு. குதிரையின் ஸ்வெட்டருக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று விடாத மழை. நாள் முழுக்கக் கொட்டினால் முடி நனைந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும், காற்றுப் படலம் காணாமல் போகும். இரண்டாவது, ஊதல் காற்று. அது நிமிர்ந்த முடியைக் கலைத்து, சேர்த்து வைத்த சூட்டை அள்ளிக்கொண்டு போகும். இரண்டும் சேர்ந்தால், பூஜ்யம் டிகிரி வெயில் நாளைவிட 8 டிகிரி மழை நாள் மோசமாக இருக்கும்.

இது குதிரைக்கே தெரியும் என்று நிரூபித்தது நார்வேயில் நடந்த ஒரு சுவாரசியமான ஆராய்ச்சி. 2016-ல் வெளியானது. 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள். படுக்கைக் கோடு போட்ட பலகையை மூக்கால் தொட்டால் 'போர்வை போடு'. செங்குத்துக் கோடு என்றால் 'கழற்று'. வெற்றுப் பலகை என்றால் 'இப்படியே இருக்கட்டும்'. சரியாகச் செய்தால் கேரட் துண்டு பரிசு. இரண்டே வாரங்களில் அத்தனை குதிரைகளும் கற்றுக்கொண்டன! பிறகு வெவ்வேறு நாள்களில் வெளியே விட்டுவிட்டு, அவற்றின் விருப்பத்தைக் கேட்டார்கள். வெயில் நாளில் 'வேண்டாம்' என்றன. மழையும் காற்றும் குளிருமான நாளில் பெரும்பாலானவை 'போர்வை கொடு' என்றன. சில குதிரைகளுக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்துப்போய், கேட்பதற்கு முன்பே பதில் சொல்ல முந்திக்கொண்டு வந்தனவாம்.

அவை பயிற்சி பெற்ற வளர்ந்த குதிரைகள். குட்டிகளை யாரும் அப்படிக் கேட்டுப் பார்க்கவில்லை. ஆனாலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 'குதிரைக்குக் குளிரவே குளிராது' என்பதும் தப்பு, 'குளிர்காலம் முழுக்கப் போர்த்தியே வைக்க வேண்டும்' என்பதும் தப்பு. ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

மூன்று வயது, மூன்று பதில்

*பால்குட்டி:* பிறந்த முதல் சில நாள்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். ஆரோக்கியமான குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்கும். சீம்பாலில்தான் நோய் எதிர்ப்புச் சக்தியும், உடம்பைச் சூடாக்கும் எரிபொருளும் இருக்கின்றன. அந்த எதிர்ப்புச் சக்தியைக் குடல் உறிஞ்சிக்கொள்வது முதல் ஒரு நாள் மட்டுமே. பிறந்த ஈரத்தோடு மழையிலும் காற்றிலும் கிடக்கும் குட்டி குளிர்ந்துபோகும். குளிர்ந்தால் எழுந்து பால் குடிக்கத் தெம்பு இருக்காது. பால் குடிக்காவிட்டால் இன்னும் குளிரும். சில மணி நேரங்களில் கதை முடிந்துவிடும்.

இந்தக் குட்டியை உடனே கூரைக்குக் கீழே, காய்ந்த வைக்கோல் மேல் கொண்டுவர வேண்டும். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்து ஈரத்தை எடுத்த பிறகு போர்த்தலாம். தாயை விட்டுப் பிரிக்கக் கூடாது. உறிஞ்சத் தெம்பில்லாத குட்டியின் வாயில் பாலை ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவதில் தாமதம் வேண்டாம்.

பந்தயக்குதிரை வளர்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி அதிகம். வட பாதி உலகில் பந்தயக்குதிரைகள் எல்லாவற்றுக்கும் கணக்கில் பிறந்த நாள் ஜனவரி 1. டிசம்பர் கடைசியில் பிறந்த குட்டிக்கு, சில நாள்களிலேயே கணக்குப்படி ஒரு வயது ஆகிவிடும்! அதனால் ஜனவரி, பிப்ரவரியிலேயே குட்டி பிறக்கும்படி திட்டமிடுகிறார்கள். இயற்கையாக விட்டால் வசந்தத்தில் புல் தழைக்கும்போது பிறக்க வேண்டிய குட்டி, மனிதனின் காலண்டருக்காகக் கொட்டும் குளிரில் பிறக்கிறது. பந்தயக்குதிரைகளுக்குத் தோலும் ரோமமும் மெல்லியவை. அங்கே லாயமும் சின்னப் போர்வையும் தேவைப்படுவதில் ஆச்சரியமில்லை.

*பால் மறந்த குட்டி:* பொதுவாக ஆறு மாத வாக்கில் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். வசந்தத்தில் பிறந்த குட்டிக்கு இது நேராகக் குளிர்காலத்தின் வாசலில் வந்து நிற்கும். தாயும் இல்லை, பாலும் இல்லை, அடுத்தது மழை. ஏக்கத்தில் தீவனமும் சரியாக இறங்காது. குடற்புழுவும் இந்த வயதில்தான் படுத்தும். இந்தக் குட்டிக்குத் தேவை காய்ந்த புல்லும், புழு மருந்தும், உரசிக்கொண்டு நிற்க ஒரு துணையும். இத்தனையும் இருந்தும் தொடர்ந்து நனைந்து மெலிகிறது என்றால், அப்போது போர்வையை யோசிக்கலாம்.

*ஒரு வயதுக் குட்டி:* உயரத்தில் கிட்டத்தட்டப் பெரிய குதிரையாகிவிட்டது. அடுப்பும் நன்றாக எரிகிறது, ரோமமும் அடர்த்தி. நாட்டு இனமாக இருந்தால், ஒதுங்க இடமும் தீவனமும் போதும். போர்வையை மறந்துவிடலாம்.

போர்வை செய்யும் கெடுதல்

"போட்டால்தான் என்ன? கூடுதல் பாதுகாப்புத்தானே?" என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல்.

போர்வையின் கனம், நிமிர வேண்டிய முடியை அமுக்கிவிடும். இயற்கையான ஸ்வெட்டர் வேலை செய்யாது. அந்தப் போர்வை இயற்கையைவிட நல்லதாக இருந்தால் சரி. நனைந்துபோகிற மாதிரி இருந்தால்? வீட்டில் கிடக்கும் பருத்திப் போர்வையையோ, பழைய கம்பளியையோ போட்டு மழையில் விட்டால், அது தண்ணீரைக் குடித்துக் கனத்து, ஈரத்தை மணிக்கணக்காக முதுகிலேயே வைத்திருக்கும். ஒன்றுமே போடாமல் விட்டிருந்தால் ஒரு சிலிர்ப்பில் பாதித் தண்ணீரை உதறியிருக்கும்.

வெறும் பிளாஸ்டிக் தார்ப்பாயும் ஆகாது. அது வெளித் தண்ணீரைத் தடுக்கும், உள்ளே வரும் வேர்வையையும் அடைத்து வைக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்த தோலில் டெர்மட்டோபிலஸ் என்ற பாக்டீரியா குடியேறிவிடும். முதுகில் பொருக்குப் பொருக்காகத் தட்டும். பொருக்கைப் பிய்த்தால் முடி தூரிகை மாதிரி கொத்தாகக் கையோடு வரும், அடியில் தோல் சிவந்திருக்கும். மழையில் விட்ட குதிரைக்கும் இது வரும். ஈரப் போர்வைக்குள் இன்னும் சுலபமாக வரும்.

குட்டிகள் சும்மா நிற்காது என்பது அடுத்த பிரச்னை. ஓடும், துள்ளும், புரளும், ஒன்றையொன்று கடித்து இழுக்கும். போர்வையின் வார் தளர்ந்து தொங்கினால் கால் மாட்டிக்கொள்ளும். மிரண்டு ஓடி வேலியில் மோதினால் எலும்பு முறியும். மேலும், அது வளரும் குட்டி. போன மாதம் கச்சிதமாக இருந்தது இந்த மாதம் தோளை அறுக்கும். பள்ளிக்கூடம் திறந்தபோது வாங்கிய சட்டை தீபாவளிக்குள் குட்டையாகிவிடுகிற கதைதான்.

எல்லாவற்றையும்விட மோசமானது, போர்வை மறைத்துவிடும். உள்ளே குட்டி இளைத்துக்கொண்டே போகும். வெளியே பார்க்க 'ஜம்' என்று இருக்கும். மாதக்கடைசியில் கழற்றிப் பார்த்தால் விலா எலும்பை எண்ணலாம்.

செலவில்லாத நான்கு சோதனைகள்

ஒன்று: முதுகில் முடியை விரலால் விலக்கிப் பாருங்கள். மேலே சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும், அடியில் தோல் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் கவலை வேண்டாம். தோல் வரை ஈரம் இறங்கியிருந்தால் உடனே ஒதுக்குப்புறம் வேண்டும்.

இரண்டு: விலாவில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தித் தடவுங்கள். அடர்ந்த ரோமம் கண்ணை ஏமாற்றும், கையை ஏமாற்றாது. எலும்பு மெத்தென்று தட்டுப்பட்டால் நல்லது. வரிவரியாகக் கூர்மையாகத் தட்டுப்பட்டால் தீவனம் போதவில்லை, அல்லது புழு இருக்கிறது.

மூன்று: நடுக்கம். ஒரு சிலிர்ப்பு, சில நிமிட நடுக்கம் எல்லாம் உடம்பு சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் வழி. விடாமல் நடுங்கினால் அது அபாய அறிவிப்பு.

நான்கு: நடத்தை. காற்றுக்கு முதுகைக் காட்டி, வாலை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தி நிற்பது குதிரையின் வழக்கமான உத்தி. மழை விட்டதும் மேயத் தொடங்கினால் நலம். தீவனத்தைக் காட்டியும் திரும்பாமல் மந்தமாக நின்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். காது மட்டும் ஜில்லென்று இருக்கிறதே என்று பதற வேண்டாம். காதும் ஜில், கூடவே மந்தமும் நடுக்கமும் என்றால் பதறலாம்.

போர்த்துவதென்றால் எப்படி?

முதலில் கூரை. மூன்று பக்கம் அடைத்து, காற்று வராத பக்கம் திறந்த ஒரு கொட்டகை போதும். அடியில் சேறு இல்லாத மேடான தரை, படுக்கக் காய்ந்த வைக்கோல். அதன் பிறகு புல், தண்ணீர், புழு மருந்து, துணை. இத்தனையும் செய்த பிறகும் தேவைப்பட்டால் போர்வை.

அது தண்ணீர் புகாத, ஆனால் வேர்வை வெளியேறக்கூடிய துணியாக இருக்க வேண்டும். குதிரைக்காரர்கள் 'ரக்' என்று சொல்வது இதைத்தான். குட்டியின் அளவுக்கே வாங்க வேண்டும், பெரியதை மடித்துக் கட்டக் கூடாது. கயிற்றால் வயிற்றைச் சுற்றிக் கட்டுவது வேண்டவே வேண்டாம். ஈர உடம்பில் போடக் கூடாது. தினமும் கழற்றி, தோளையும் முதுகையும் தடவிப் பார்த்து, காய்ந்த பிறகு திரும்பப் போட வேண்டும். வெயில் வந்தால் கழற்ற ஆள் இருக்க வேண்டும். "தினமும் இரண்டு தடவை வந்து பார்க்க முடியாது" என்கிறவர், போடாமல் இருப்பதே குட்டிக்கு நல்லது.

சரி, ஊட்டிக்குட்டி?

எக்ஸ்மூர் குட்டிக்குச் சொன்னதை அப்படியே ஊட்டிக்குட்டிக்குச் சொல்லிவிட முடியாது. காரணம், மறுபடியும் சூரியன்.

லண்டனில் டிசம்பர் பகல் சுமார் 8 மணி நேரம், ஜூன் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். இருமடங்கு வித்தியாசம்! குதிரையின் உடம்புக்கு அது தண்டோரா போட்டுச் சொன்ன மாதிரி. ஊட்டி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. தண்டோரா அங்கே முணுமுணுப்பாகத்தான் கேட்கும்.

அதைவிட முக்கியம் இது. இங்கிலாந்தில் குளிர்மழை வரும்போது பகல் குறுகி, ரோமம் அடர்ந்திருக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் தென்மேற்குப் பருவமழை எப்போது கொட்டுகிறது? ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. பகல் மிக நீளமாக இருக்கும் மாதங்களிலேயே அது தொடங்கிவிடுகிறது. மழையும் காற்றும் தாக்கும்போது குதிரையின் உடம்பு இன்னும் கோடைக்கால ரோமத்தோடு நிற்கும். மலையில் வளரும் குதிரைக்குச் சமவெளிக் குதிரையைவிட ரோமம் கூடுதலாக இருக்கலாம். எக்ஸ்மூர் குட்டியின் கூரை மட்டும் அதற்கு வாய்ப்பதில்லை.

ஊட்டி மழைக்காலத்தின் வெப்பநிலை பெரும்பாலும் 10 டிகிரிக்கும் 20-க்கும் நடுவில்தான் இருக்கும். வயிறு நிறைந்த ஒரு வயதுக் குட்டி இதைத் தாங்கிவிடும். தெருவோரக் குப்பையில் வாய் வைத்துப் பிழைக்கும் குட்டி தாங்காது. அதன் வயிற்றில் எரிய வேண்டிய புல்லுக்குப் பதில் எச்சில் சோறும் பிளாஸ்டிக்கும் கிடக்கின்றன. சவாரி முடிந்ததும் தாயையும் குட்டியையும் சாலையில் அவிழ்த்துவிடும் பழக்கம்தான் அவற்றைக் குளிரில் தள்ளுகிறது. அந்தக் குட்டிக்கு நீங்கள் போர்த்திவிட்டு வரும் கம்பளி அரை மணி நேரத்தில் நனைந்து, காலில் சிக்கி, லாரிக்கு நடுவில் தள்ளினாலும் தள்ளும். அதற்கு வேண்டியது ஒரு தகரக் கூரையும் ஒரு கட்டுப் புல்லும்.

சுற்றுலா போகும் நம்மால் செய்ய முடிந்ததும் உண்டு. சவாரிக்கு முன் குதிரையைப் பாருங்கள். நடுங்குகிற, விலா தெரிகிற குதிரை மேல் குழந்தையை ஏற்றாதீர்கள். "அண்ணே, குட்டி எங்கே நிக்கும்? ராத்திரி கொட்டகை இருக்கா?" என்று குதிரைக்காரரிடம் தன்மையாகக் கேளுங்கள். குதிரை அவருக்குச் சோறு போடுகிற ஜீவன். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். பிஸ்கட், பஜ்ஜி, பிரெட் கொடுக்காதீர்கள். கொடுக்கத் தோன்றினால், குதிரைக்காரரைக் கேட்டு, இரண்டு கேரட்டை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். விழுந்து கிடக்கும் குட்டியைக் கண்டால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கான இலவச எண் அது.

அம்மாவுக்குக் குளிர்ந்தால் பிள்ளைக்கு ஸ்வெட்டர் போடுவது நம் வீட்டு வழக்கம். பிள்ளை வேர்த்து விறுவிறுத்து நிற்கும், அம்மாவுக்குத்தான் நிம்மதி! குதிரைக்குட்டி விஷயத்தில், நம் குளிரை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துவிட்டு, அதன் ரோமத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். போர்த்தலாமா வேண்டாமா என்று தோலே சொல்லிவிடும்.

(அடுத்த வாரம்: மாடுகள் மழைக்கு ஒதுங்காமல் நடுரோட்டில் ஏன் படுக்கின்றன?)